பிள்ளையின் கைக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில்

பிள்ளைக்குக் கார் சீற் வாங்கும்போது நாங்கள் பரிசோதனை முடிவுகளைத் தேடித் தேடி வாசிக்கிறோம். சாப்பாட்டுப் பெட்டியின் பிளாஸ்டிக்கில் என்ன கலந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் சுவரில் இருக்கும் 230 வோல்ட்டைப் பிள்ளையின் கட்டில் வரைக்கும் கொண்டுவருகிற ஒரு பொருளை மட்டும் "இருக்கிறதில மலிவானது எது?" என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். சார்ஜரைத்தான் சொல்கிறேன்.

ஒரு கடையில் 40 குரோணருக்கும் இன்னொரு கடையில் 250 குரோணருக்கும் விற்கிறார்கள். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைப் பெட்டி. இரண்டும் போனைச் சார்ஜ் பண்ணும். "பேருக்குத்தானே காசு" என்று நினைப்பது இயல்பு. சில வேளை அது உண்மையும்கூட. ஆனால் மிக மலிவான சார்ஜர்களில் காசு எங்கே மிச்சம் பிடிக்கப்படுகிறது என்று தெரிந்தால், பெற்றோராக உங்கள் முடிவு மாறலாம்.

பாரமான அடப்டர் எங்கே போனது?

எங்கட வயசுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோர்ட்லெஸ் போனுக்கும் மியூசிக் கீபோர்ட்டுக்கும் ஒரு கறுத்த அடப்டர் வரும். செங்கல் மாதிரிப் பாரம். தொட்டால் எப்போதும் சூடு. அதற்குள் இருந்தது இரும்புத் தகடுகளில் செம்புக் கம்பி சுற்றிய ட்ரான்ஸ்போர்மர். இன்றைய போன் சார்ஜர் அதைவிடப் பல மடங்கு சக்தி தருகிறது, ஆனால் கைக்குள் அடங்குகிறது. எப்படி?

துலாக் கிணற்றைப் பற்றி அம்மா அப்பா சொல்லிக் கேட்டிருப்பீங்கள். ஒரு தொட்டியை நிரப்ப இரண்டு வழி இருக்கு. பெரிய வாளியால் ஆறுதலாக அள்ளி ஊற்றலாம். அல்லது சின்னத் தேத்தண்ணிக் கோப்பையால் மிக மிக வேகமாக அள்ளி ஊற்றலாம். ஒரு நிமிடத்தில் வந்து சேரும் தண்ணி ஒன்றுதான். பழைய அடப்டர் பெரிய வாளி. சுவரில் வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைகிறது. அந்த மெதுவான வேகத்திலேயே அது வேலை செய்தது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நிறையச் சக்தியைச் சுமக்கவேண்டும், அதற்குப் பெரிய இரும்பு வேண்டும்.

இன்றைய சார்ஜர் வேறு மாதிரி. முதலில் அது அலையும் மின்சாரத்தை ஒரு திசையில் நிற்கும் மின்சாரமாக மாற்றுகிறது. 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு; அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். ஆகவே அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் கப்பாசிட்டரில் கிட்டத்தட்ட 325 வோல்ட் தேங்கி நிற்கிறது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் இலட்சக்கணக்கான தடவை, போட்டு நிறுத்துகிறது. சுவிட்சைப் போடுவதும் நிறுத்துவதுமே வேலை என்பதால்தான் இதற்குச் 'சுவிட்ச் மோட் பவர் சப்ளை' என்று பெயர். இதுதான் தேத்தண்ணிக் கோப்பை. இவ்வளவு வேகம் இருப்பதால், ஒரு நெல்லிக்காய் அளவு ட்ரான்ஸ்போர்மரே போதும்.

அடுத்த கேள்வி: போனுக்குப் போகும் 5 வோல்ட் எப்படி எப்போதும் 5 வோல்ட்டாகவே இருக்கிறது? 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை உங்கள் சொந்தக்காரர் யாரும் சொல்லியிருப்பினம். சுற்றுகிறவர் களைத்தால் ரேடியோவும் களைக்கும். "டேய், கெதியாச் சுத்து, செய்தி போகுது" என்று ஒருவர் கத்தவேண்டும். சார்ஜருக்குள்ளும் அப்படி ஒருவர் இருக்கிறார். வெளியே போகும் வோல்ட்டை எந்நேரமும் அளந்து, குறைந்தால் "கூட்டு", கூடினால் "குறை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு சின்னச் சில்லு. அதைக் கேட்டு டிரான்சிஸ்டர் சுவிட்ச் திறந்திருக்கும் நேரத்தை மாற்றுகிறது. சுவரில் 230 வோல்ட் 200 ஆக இறங்கினாலும் போனுக்குத் தெரியாது.

வீட்டுக் கணினிகளில் இந்த முறையைப் பிரபலமாக்கியவற்றுள் ஒன்று 1977இல் வந்த அப்பிள் 2 கணினி. காற்றாடிச் சத்தம் இல்லாத கணினி வேண்டும் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் விரும்பினார். ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளர் சூடு குறைந்த சுவிட்ச் மோட் பவர் சப்ளையை அதற்கு வடிவமைத்தார். இன்று எல்.ஈ.டி. விளக்கு, ரிவி, வைஃபை ரவுட்டர், மின்சாரக் கார், ஆஸ்பத்திரிக் கருவிகள் என்று எல்லாவற்றுக்குள்ளும் இதே யோசனைதான். டென்மார்க்குக்கும் இதில் பங்கு உண்டு. மோட்டர்களின் வேகத்தை மாற்றும் அதிர்வெண் மாற்றிகளை டான்பொஸ் நிறுவனம் 1968இலேயே பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒன்றிலிருந்து பாங் அண்ட் ஒலுஃப்சனோடு சேர்ந்து 1999இல் ஐஸ்பவர் என்ற நிறுவனம் பிறந்தது. சின்ன ஸ்பீக்கருக்குள் பெரிய சத்தத்தை அடக்குவது இதே வேகச் சுவிட்ச் வித்தைதான்.

நடுவில் இருக்கும் சுவர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சார்ஜருக்குள் இரண்டு உலகம் இருக்கிறது. ஒரு பக்கம் சுவரோடு நேரடியாக இணைந்த 325 வோல்ட். மறு பக்கம் பிள்ளையின் கையில் இருக்கும் போன். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு இருக்கக்கூடாது. ட்ரான்ஸ்போர்மரில் சக்தி காந்தமாகத் தாண்டுகிறது. "கூட்டு, குறை" என்ற செய்தி, பல சார்ஜர்களில், ஒரு சின்ன ஒளிக்கதிராகத் தாண்டுகிறது. சர்க்கிட் பலகையில் இரண்டு பக்கத்துக்கும் இடையில் வெறுமையான இடைவெளி விடவேண்டும். பொதுவாக 5 மில்லிமீற்றருக்கு மேல். ட்ரான்ஸ்போர்மரின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் காவற் படலம் அல்லது மூன்று மடிப்புக் காப்புள்ள கம்பி இருக்கவேண்டும். நல்ல சார்ஜரின் இந்தச் சுவரை 3000 வோல்ட் அளவில் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

இரண்டு பக்கத்தையும் தொட்டு நிற்கிற இன்னொரு உறுப்பு ஒரு சின்ன நீலக் கப்பாசிட்டர். ரேடியோ இரைச்சலைக் குறைக்க அது தேவை. பழுதானால் மின்சாரத்தைக் கடத்தாமல் அறுந்துபோகும்படி விசேஷமாகச் செய்யப்பட்ட வகையைத்தான் அங்கே போடவேண்டும். சாதாரண வகையைப் போட்டாலும் போன் சார்ஜ் ஆகும்; பழுதாகும் நாளில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தச் சுவருக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அது போனை வேகமாகச் சார்ஜ் பண்ணாது, அழகாகவும் இராது, வெளியில் தெரியவும் தெரியாது. அதனால்தான் மலிவாகச் செய்கிறவர் முதலில் கைவைப்பது அதில்.

மேசையில் இரண்டு சார்ஜர்

போன மாரியில் பழுதான இரண்டு சார்ஜர்களை வெட்டிப் பார்த்தேன். ஒன்று இங்கே கடையில் வாங்கினது. மற்றது ஊரில் ஒரு நடைபாதைக் கடையில் வாங்கின, பெயரில்லாத ஒன்று. (இதை நீங்கள் செய்யவேண்டாம். கழற்றி வைத்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். நான் நாட்கணக்கில் விட்டு, அளந்து பார்த்த பிறகே தொட்டேன்.)

எட்டு வயது மகள் பக்கத்தில் நின்றாள். தராசில் வைத்தபோதே வித்தியாசம் தெரிந்தது: மலிவானது மற்றதன் பாதிப் பாரம்கூட இல்லை. திறந்தால் பாதி வெறுமை. நல்லதில் ஃபியூஸ் இருந்தது. மற்றதில் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கம்பித் துண்டு. நல்லதில் பலகையின் நடுவே வெட்டிய ஒரு நீளத் துளை, இரண்டு பக்கத்தையும் பிரித்தது. மற்றதில் 325 வோல்ட் ஓடும் செம்புக் கோட்டுக்கும் போன் பக்கத்துக் கோட்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் வரும். ட்ரான்ஸ்போர்மரைப் பிரித்தால் இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மஞ்சள் ரேப், அதுவும் ஓரத்தில் விலகியிருந்தது.

"அப்பா, அப்ப இது எப்பிடி இவ்வளவு நாளும் வேலை செஞ்சது?" என்று மகள் கேட்டாள். அதுதான் சிக்கல். இந்தக் குறையெல்லாம் வேலை செய்வதைத் தடுக்காது. ஈரப்பதன், தூசி, சூடு, ஒருமுறை நிலத்தில் விழுந்தது, இவை சேருகிற ஒரு நாளில் அந்த ஒரு மில்லிமீற்றர் போதாமல் போகும். அப்போது போனின் உலோக உடம்பு சுவரின் மின்சாரமாக மாறும்.

இது என் ஒருவனின் மேசையில் கண்ட கதை மட்டும் இல்லை. யு.எல். என்ற சோதனை நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிக்கைக்காக, அப்பிள் சார்ஜர் போலச் செய்த 400 போலிகளைச் சோதித்தது. அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகளில் தேறியவை 3 மட்டும். 12 சார்ஜர்கள் உயிராபத்தான அளவுக்கு மோசமான வடிவமைப்பு. 2013இல் சீனாவில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த போனால் ஒரு பெண் மின்சாரம் தாக்கி இறந்ததாக வந்த செய்தியைத் தொடர்ந்து, அப்பிள் நிறுவனமே போலிச் சார்ஜர்களைத் திருப்பி எடுத்து, குறைந்த விலையில் அசலைக் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது.

"சி.இ. அடையாளம் இருக்குத்தானே?" என்று கேட்பீங்கள். சார்ஜர்களைப் பொறுத்தவரை அந்த அடையாளம் 'எங்கள் பொருள் விதிக்கு உட்பட்டது' என்று தயாரிப்பாளர் தானே கொடுக்கும் உறுதிமொழி. வெளியார் சோதித்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. டென்மார்க்கில் முன்பு வட்டத்துக்குள் 'டி' என்ற எழுத்து இருக்கும். 1928இல் தொடங்கிய டெம்கோ என்ற சோதனை அமைப்பு கொடுத்த முத்திரை அது. அந்த டெம்கோ இப்போது மேலே சொன்ன யு.எல். குழுமத்தின் பகுதி. பொருள்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் இன்னொரு பெரிய நிறுவனமான போர்ஸ் டெக்னொலொஜியின் தலைமையகம் எங்கட புரொண்பியிலேயே, பார்க் அலே வீதியில் இருக்கிறது. வெளியார் சோதனை என்பது இப்படியான இடங்களில் ஆய்வுகூடம் வைத்துச் செய்கிற வேலை. பெட்டியில் இரண்டு எழுத்தை அச்சடிப்பது வேறு வேலை.

சிரிக்கிற சொக்கெட்டும் கூச்சமும்

டென்மார்க்கின் சொக்கெட்டைப் பார்த்தால் ஒரு முகம் சிரிக்கிற மாதிரி இருக்கும். இரண்டு வட்ட ஓட்டை கண்கள். கீழே அரைவட்டம் வாய். அந்த வாய்தான் எர்த். ஜேர்மனியில் வாங்கிய பிளக்கின் எர்த், பக்கவாட்டில் இருக்கும் உலோகப் பட்டைகளில் இருக்கிறது. அது எங்கட பழைய சொக்கெட்டுக்குள் நன்றாகவே போகும், ஆனால் எர்த் தொடாது.

உலோக உடம்புள்ள மடிக்கணினியைச் சார்ஜில் வைத்துத் தடவினால் விரலில் மெல்லிய கூச்சம் வருவது பலருக்குத் தெரியும். அந்த நீலக் கப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்சாரம் அது. நல்ல சார்ஜரில் அது கால் மில்லி அம்பியர் அளவுக்குள் இருக்கும், ஆபத்து இல்லை. எர்த் உள்ள டெனிஷ் வயரைப் போட்டால், பல மடிக்கணினிகளில் கூச்சமே நின்றுவிடும். ஆனால் கூச்சம் 'சுருக்' என்று குத்துகிற அளவுக்கு வந்தால், உடனே பாவிப்பதை நிறுத்துங்கோ.

இன்னொரு காவலாளி உங்கள் மின்பெட்டியில் இருக்கிறார்: எச்.பி.எஃப்.ஐ. ரிலே. மின்சாரம் உடம்பு வழியாக நிலத்துக்குக் கசியத் தொடங்கினால், 30 மில்லி அம்பியருக்குள் அது வீட்டு மின்சாரத்தை அறுத்துவிடும். 2008 ஜூலை 1 முதல் டென்மார்க்கின் எல்லா வீடுகளிலும் இப்படியான ரிலே இருக்கவேண்டும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கு. வருடத்தில் ஒருமுறையாவது அமத்திப் பாருங்கோ. அமத்தியவுடன் விழவில்லை என்றால் எலெக்ட்ரிஷியனைக் கூப்பிடவேண்டும்.

ஊருக்குப் போகும்போது

சார்ஜரின் சின்ன எழுத்தில் '100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்' என்று இருக்கும். சுவிட்ச் மோட் முறையின் கொடை அது. கனடாவின் 120 வோல்ட்டிலும், இலங்கையின் 230 வோல்ட்டிலும் அதே சார்ஜர் வேலை செய்யும். ஹெயார் ட்ரையருக்கு இந்தக் கொடை இல்லை. ரொறொன்ரோவில் இருந்து வரும் மச்சாள் தன்னுடைய 120 வோல்ட் ட்ரையரை இங்கேயோ யாழ்ப்பாணத்திலோ சொருகினால், அது இழுக்கும் சக்தி மூன்றரை மடங்குக்கும் மேல் ஏறும். ஒரு நொடி நல்லாக் காற்று வரும், பிறகு புகை வரும்.

ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மூன்று ஓட்டைச் சொக்கெட்டில் இரண்டு கால் பிளக் போகாது என்பதால், பேனை மூடியையோ குச்சியையோ மேல் ஓட்டைக்குள் விட்டு அமுக்கி, மற்ற இரண்டையும் திறந்து சொருகுவார்கள். அந்த மூடி, பிள்ளையின் விரலும் கம்பியும் உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே வைத்தது. பெரியவர் செய்வதைப் பார்த்த பிள்ளை தானும் செய்யும், கையில் கிடைத்ததைக் கொண்டு. இங்கேயிருந்தே நல்ல அடப்டர் பிளக் இரண்டு வாங்கிக்கொண்டு போங்கோ.

அடிக்கடி கேட்கிற இரண்டு கேள்வி

"தம்பி, சார்ஜரைக் கழட்டிவிடு, கறண்ட் வீணாப் போகுது" என்பது எல்லா வீட்டு அம்மம்மாவின் வாக்கியம். பழைய பார அடப்டர் காலத்தில் அவ சொன்னது சரி. சும்மா கிடந்து 2 வாட் இழுத்தால், வருடத்துக்கு 17 யூனிட்டுக்கு மேல். 2020 ஏப்ரலில் இருந்து ஐரோப்பிய விதிப்படி, போன் சார்ஜர் போன்றவை சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. வருடம் முழுக்க விட்டாலும் ஒரு யூனிட் வராது, அதாவது இரண்டு மூன்று குரோணர். ஆனால் தரம் தெரியாத சார்ஜர் என்றால் அம்மம்மாவின் வாக்கைக் கேளுங்கோ, காசுக்காக இல்லாமல் நெருப்புக்காக.

"மடிக்கணினிச் சார்ஜரைப் போனுக்குப் போட்டால் போன் எரியாதா?" எரியாது. இது என்னுடைய மென்பொருள் வேலைக்குக் கிட்டின விஷயம். யு.எஸ்.பி.-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டும்தான் கொடுக்கும். பிறகு இரண்டும் பேசிக்கொள்ளும். "என்னிடம் 9, 15, 20 வோல்ட் இருக்கு" என்று சார்ஜர் சொல்லும். "எனக்கு 9 போதும்" என்று போன் கேட்கும். கேட்காததை நல்ல சார்ஜர் கொடுக்காது. ஆகவே வீட்டுக்கு ஒரு நல்ல 65 வாட் சார்ஜர் வாங்கினால் போனுக்கும், டப்லெட்டுக்கும், பல மடிக்கணினிகளுக்கும் அதுவே போதும். ஐந்து மலிவுச் சார்ஜரின் காசும் கிட்டத்தட்ட அதுதான்.

இது இப்போது இன்னும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கும் டப்லெட்டுகளுக்கும் யு.எஸ்.பி.-சி கட்டாயம், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். சார்ஜர் இல்லாமல் பொருளை மட்டும் வாங்கும் வாய்ப்பையும் கடைக்காரர் கொடுக்கவேண்டும். குப்பை குறையும், நல்லது. ஆனால் எந்தச் சார்ஜர் என்ற தெரிவு பெட்டியில் இருந்து உங்கள் கைக்கு மாறியிருக்கிறது.

வீட்டில் செய்யவேண்டியவை

ஒரு சனிக்கிழமை எல்லாச் சார்ஜரையும் மேசையில் கொட்டுங்கோ. எங்கட வீட்டில் நாலு பேருக்குப் பதினேழு வந்தது. ஆறு வெளியே போனது. சின்ன எழுத்தைப் பிள்ளைகளை வாசிக்கவிடுங்கோ, அவர்களுக்குத்தான் கண் நல்லாத் தெரியும்.

– தயாரிப்பாளர் பெயர், மாதிரி இலக்கம், வோல்ட் விபரம் இல்லையா? வேண்டாம்.
– சதுரத்துக்குள் சதுரம் என்ற அடையாளம் இரட்டைக் காப்பைக் குறிக்கும். எர்த் இல்லாத சார்ஜரில் அது இருக்கவேண்டும்.
– சந்தேகப்படும் அளவுக்குப் பாரமற்றது, எழுத்துப் பிழை உள்ளது, பிளக்கின் கால் ஆடுவது, உடம்பு வெடித்தது, எல்லாம் மீள்சுழற்சி நிலையத்துக்கு. வீட்டுக் குப்பைக்குள் போடவேண்டாம்.
– இணையத்தில் வாங்கும் முன் விற்பவருக்கு ஐரோப்பிய முகவரி இருக்கா பாருங்கோ. ஆபத்தான பொருள்களின் பட்டியலை டென்மார்க்கின் பாதுகாப்பு அதிகாரசபையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சேஃப்டி கேற்' தளமும் வெளியிடுகின்றன.
– தலையணை, போர்வைக்குக் கீழே சார்ஜ் வேண்டாம். குளியலறைக்குள் சார்ஜில் இருக்கும் போன் ஒருபோதும் வேண்டாம். அப்படி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் இருக்கினம்.

கடைசியாக, பிள்ளையோடு ஒரு பேச்சு. அனேகமான பிள்ளைகள் கேபிள் பிய்ந்ததையோ சார்ஜர் மணப்பதையோ எங்களிடம் சொல்ல மாட்டினம். சொன்னால் போனைப் பறித்துவிடுவோம் என்ற பயம். அதனால் ரேப் ஒட்டிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்துப் பாவிப்பினம். "சார்ஜர் சுட்டால், மணந்தால், சத்தம் போட்டால் தொடாமல் வந்து சொல்லு. நான் ஏச மாட்டன். அடுத்த நாளே புதுசு வாங்கித் தருவன்" என்று இன்றைக்கே சொல்லிவையுங்கோ. சொன்னபடி வாங்கியும் கொடுங்கோ.